பாக்கெட் இல்லாத கோட்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. நூலக்கா என்றால் போதும். நூல் பிடித்த மாதிரி வேலிச்செடி வெட்டுகிறவள் என்பதால் வந்த பெயர். வாசல் கேட்டிலிருந்து பிரசவ வார்டு வரைக்கும் மார்பளவு உயரத்தில் ஓடுகிற பச்சைச் சுவர் முழுக்க அவள் கை பட்டதுதான். ஆறு வருஷம் கூட்டிப் பெருக்கிவிட்டு, மல்லுக்கட்டி வாங்கிய வேலை அது. திரும்பவும் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்பதில் வைராக்கியமாக இருந்தாள்.

அந்த வைராக்கியத்துக்குத்தான் ஒரு சாண் நீளக் கட்டர் வேட்டு வைத்துக்கொண்டிருந்தது. இலை, தளிரெல்லாம் பெரிய கத்தரியின் வேலை. அதைப் பிடிக்க ரெண்டு கையும் வேண்டும். நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு குச்சி வந்தால் அது திணறிவிடும். உடனே சின்னக் கட்டரை எடுத்து நறுக்க வேண்டும். நறுக்கியாயிற்று, கட்டரை எங்கே வைப்பது? ஆண்களுக்குப் பேண்ட், பேண்ட்டில் பாக்கெட். பெண்களுக்கு உடுப்புக்கு மேல் ஒரு பச்சைக் கோட்டு, அதில் பாக்கெட்டே கிடையாது. பொம்பளைக்குப் பாக்கெட்டில் போட என்ன இருக்கப்போகிறது என்று தைத்த புண்ணியவான் நினைத்துவிட்டான் போல.

இடுப்பில் செருகிப் பார்த்தாள். குனிந்ததும் முனை குத்தியது. வீட்டில் மருந்து போட்டுவிட்ட புருஷன், "வேலைக்குப் போனியா, கத்திச் சண்டைக்குப் போனியா?" என்று கேட்டான். தரையில் வைத்தால் வெட்டின தழை மூடிக்கொண்டது. கடைசியில் செடி மேலேயே வைத்தாள். மேஜை மாதிரித் தட்டையாக வெட்டியதும் அவள்தானே. நாலடி நகர்ந்து, அடுத்த குச்சிக்குத் திரும்பிப் பார்த்தால் கட்டர் உள்ளே இறங்கியிருக்கும். துழாவித் துழாவி முழங்கை வரைக்கும் கீறல். அப்படியும் ரெண்டு கட்டர் போயே போய்விட்டது.

"ஆம்பளைங்க யாராவது தொலைச்சாங்களா? உன் கையில குடுத்தா மட்டும் எப்படிக் காணாம போகுது?" என்றார் சூப்பர்வைசர்.

"அவங்களுக்குப் பாக்கெட் இருக்கு சார். கோட்டுல ஒண்ணு தைச்சுக்கட்டுமா?"

"யூனிஃபார்ம்ல கை வைக்கக் கூடாது. வேணும்னா எழுதிக் குடு. இன்னொண்ணு தொலைஞ்சா கூட்டுற வேலைதான், இப்பவே சொல்லிட்டேன்."

எழுதிக் கொடுத்தாள். கட்டர் வைக்க ஒரு பாக்கெட், இல்லாவிட்டால் இடுப்பில் கட்ட ஒரு பை. ஒரு மாசம் போயிற்று, ரெண்டு மாசம் போயிற்று. எப்போது கேட்டாலும் "மேல போயிருக்கு" என்றார். எவ்வளவு மேலே என்பதுதான் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்து, கட்டரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நோயாளிங்க நடமாடுற இடம், இதென்ன கோலம்?" என்று கழற்றச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே மூன்றாவது கட்டரும் செடிக்குள் போயிற்று.

மறுநாள் டூட்டிப் பலகையில் அவளைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். "கேட்டதைக் குடுத்திருந்தா தொலைஞ்சிருக்காது சார்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

பத்து நாள் கழித்து, பிரசவ வார்டு வாசலைப் பெருக்கிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அவள் இடத்துக்கு வந்த பம்ப் ரூம்காரன் வெட்டிக்கொண்டிருந்தான். செடி மேடும் பள்ளமுமாக, பார்க்கவே வயிறு எரிந்தது. ஆனால் அவன் இடுப்பில் புத்தம் புதுத் தோல் பை. கட்டர் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"சொந்தமா வாங்கினியா?"

"இல்லக்கா, ஆபீஸ்ல குடுத்தாங்க. வேலிச்செடி வெட்டுற ஆளு எழுதிக் கேட்டிருந்தாங்களாம், நேத்துதான் சாங்ஷன் ஆச்சாம். நான் ஒண்ணும் எழுதலையே."

அவன் பேண்ட்டில் பக்கத்துக்கொரு பாக்கெட், பின்னால் இன்னொன்று. மூன்றும் காலி.

"நான்தான் எழுதினேன்" என்றாள்.

அவன் பையைத் தொட்டுப் பார்த்தான். கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கழட்டாத, ரிஜிஸ்டர்ல உன் பேர்ல எழுதியிருப்பாங்க" என்றாள். அவன் வெட்டிப் போட்ட தழை பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. இனிமேல் அது அவள் வேலை. குனிந்து அள்ளினாள்.