நூற்று அறுபது ரயரும் நான் வைத்த தேசிக்காயும்

என் கையெழுத்து கோழி கிளறிய மணல் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் எனக்குக் கூச்சம். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில். நயினாதீவு அம்மன் கோவில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. புளியங்கூடலில் தெருவோரமாக எனக்கு ஒரு சின்ன ரயர் ஒட்டுக் கடை இருக்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், சில நேரம் லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரம், எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பேன்.

நாரந்தனையில் கட்டிக் கொடுத்த என் தங்கையின் புருஷன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி நண்டுக் கறியில் பெரிய காலைப் பார்த்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பாள். "உங்கடை மச்சான் எவ்வளவு அமைதி, பாருங்கோ" என்பாள். நானும் அமைதிதான். என் அமைதிக்குப் பெயர் வேறு, வாயில்லாதவன் என்பது.

அந்த வருடம் அவர் யாழ்ப்பாணம் ரவுணில் ஒருவரிடமிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் வாங்கினார். யப்பானில் ஓடி வந்த இருநூற்று ஐம்பது சிசி. கறுப்பும் சிவப்பும். நாற்பது வயதுக்குப் பிறகு இவருக்கு ஏன் இது என்று நான் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அது தெருவில் வரும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்படி ஒன்று எனக்கு வேண்டும் என்று இருபது வயதிலிருந்து நினைத்தவன் நான். என்னிடம் இருந்தது மிதித்தால் மூன்றாம் தரம் ஸ்ரார்ட் ஆகிற ஒரு பழைய தொண்ணூறு. கடைக்கு முன்னால் நான்கைந்து பேர் நிற்கும்போது ஒருநாள் அவர் பைக்கின் திறப்பை நீட்டி, ஒருக்கா ஓடிப் பாருங்கள் என்றார். கால் நோகிறது என்று சொல்லிவிட்டேன். கால் நோகவில்லை.

பின் ரயர் தேய்ந்து போனதும் அவர் என்னிடம்தான் யோசனை கேட்டு வந்தார். அப்போது நான் ஒரு சைக்கிள் ரியூப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட வேலை. அதை அரை மணித்தியாலம் இழுத்தேன். அவர் வெயிலில் நின்றார். முகம் சுளிக்கவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

பிறகு பழைய ரயரை நான் தடவிப் பார்த்து, இதற்கு ரியூப் போட்டால்தான் பாரம் தாங்கும் என்று ஏதோ சொன்னேன். அவர் குனிந்து ரயரின் பக்கத்தில் இருந்த இங்கிலிஷை வாசித்தார்.

"இல்லை மச்சான், இது ரியூப் இல்லாத ரயர். இந்தா, எழுதிக் கிடக்கு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஒட்டுக்கு வந்த இருவர் பக்கத்தில் நின்றார்கள். அதில் ஒருவர், "அண்ணைக்கு நம்பர் மட்டும்தான் ஓடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மச்சானைத் தவிர. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

உண்மைதான், எனக்கு எண்கள் மட்டும்தான் ஓடும். ஆனால் எண்கள் நன்றாக ஓடும். மோட்டார் சைக்கிள் ரயரின் பக்கத்தில் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். முதலாவது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. மூன்றாவது றிம்மின் அளவு, அங்குலத்தில். அவருடைய பைக்குக்கு உரியது நூற்று நாற்பது, எழுபது, பதினேழு.

அவர் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். அதே மாதிரி பைக், பின்னால் பருத்த ரயர். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"நூற்றி அறுபது போடலாமோ மச்சான்? நீங்கள் சொன்னால் எடுக்கிறன்."

போட ஏலாது என்று எனக்குத் தெரியும். அந்த ஒடுங்கிய றிம்மில் நூற்று அறுபதைப் போட்டால் விளிம்பு இரண்டும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூராகும். வளைவில் பைக் சொல்வழி கேட்காது. அகலத்தில் இருபது கூடினால், எழுபது பங்குக் கணக்கில் உயரமும் பதினான்கு மில்லிமீற்றர் கூடும். மட்காட்டுக்குள் அவ்வளவு இடம் இல்லை. படத்தில் இருந்ததோ ஓட்டப் போட்டிக்குச் செய்த மென்மையான ரப்பர். வெட்டுகள் குறைவு. காற்றுக்கு மணல் ஏறிக் கிடக்கிற எங்கள் தீவுத் தெருக்களுக்கு அது சரிவராது. வெட்டு ஆழமாக உள்ள, தெருவுக்கென்று செய்த ரயர்தான் வேண்டும். இவ்வளவும் என் நாக்கின் நுனியில் நின்றது.

"உம்மடை விருப்பம். போடலாம்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவருக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேவாரம் போல இதைப் பல தரம் எனக்குள் சொல்லியிருக்கிறேன். பணத்தைக் கொட்டிவிட்டு, பைக் சரியாக ஓடாமல், நாலு பேருக்கு முன்னால் அவரும் ஒருநாள் தலை குனிய வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கிழமையில் ரயரை ரவுணிலிருந்து எடுப்பித்துக் கொண்டுவந்தார். பைக்கைக் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். முதலில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அந்தப் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். கைபிடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். யாரும் காணவில்லை. பிறகு இறங்கி ரயரைப் பூட்டினேன். பழைய ரயருக்கும் மட்காட்டுக்குள் இருக்கும் திருகாணியின் தலைக்கும் நடுவே என் இரண்டு விரல் போகும். இப்போது நகம்தான் போனது. தனியாள் ஓடினால் தொடாது. பின்னால் ஒருவர் ஏறினால் பைக் அமரும், தொடும். பின்னேரம் அவர் வந்து, ரயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, என் தோளில் தட்டி நன்றி சொன்னார். அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நான் போனபோது அவள் சேலை உடுத்து, தலையில் பூவோடு முற்றத்தில் நின்றாள். அம்மனுக்கு அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. இருவரும் பைக்கில் குறிகட்டுவான் வரை போய், அங்கிருந்து படகில் நயினாதீவுக்குப் போகப் போகிறார்களாம். அவள் இந்தப் பைக்கில் ஏறுவது அதுதான் முதல் தரம். இவ்வளவு நாளும் பயத்தில் ஏறவே இல்லை. இது எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் வாகனம் முதல் பயணமோ தூரப் பயணமோ புறப்படும்போது சில்லுக்கு முன்னால் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து அதன்மேல் ஏற்றி ஓடுவது வழக்கம். கண்ணூறு கழிந்து, போகிற இடத்துக்குச் சுகமாய்ப் போய்ச் சேருவதற்கு.

"அண்ணை, நீங்கள்தானே ரயர் பூட்டினது. நீங்களே வையுங்கோ" என்று இரண்டு தேசிக்காயை என் கையில் தந்தாள்.

மச்சான் பைக்கில் ஏறினார். முன் சில்லுக்கு ஒன்றை வைத்தேன். பின் சில்லுக்கு வைக்கக் குந்தினேன். அதே நேரம் தங்கை அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். என் கண்ணுக்கு நேரே பைக் அமர்ந்தது. நகம் போன இடைவெளி இல்லாமல் போனது. திருகாணி ரயரைத் தொட்டு நின்றது.

பக்கத்து வீட்டுச் சனமும் வேலியோரம் நின்று பார்த்தது. இப்போது எழுந்து நின்று என்ன சொல்வது? எனக்கு முதலே தெரியும் என்றா? தேசிக்காயை வைத்துவிட்டு விலகினேன். பைக் ஏறி நசித்துக்கொண்டு போனது.

நசிந்த தேசிக்காயை எடுத்து எறிந்தேன். கை முழுக்கப் புளிச்சாறு. பக்கத்து வீட்டு அக்கா, "உங்கடை தங்கச்சிக்கு நல்ல சீவியம்" என்றார். நான் அவர்களைப் பிடிக்க ஓடிப்போய்த் தொண்ணூறை மிதித்தேன். அன்றைக்கென்று ஆறாம் தரத்தில்தான் ஸ்ரார்ட் ஆனது.

வேலணை வரை அவர்களைக் காணவில்லை. நடுவில் நிறுத்தித் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. வேலணை கடந்தால் புங்குடுதீவுக்குப் போகிற நீட்டுப் பாலம். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க இடமில்லை. அந்த மாதத்தில் சோளகம் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே பின் ரயர் வெடித்தால் என்ன ஆகும் என்பது ரயரோடு சீவிக்கிற எனக்குத் தெரியாதா? அம்மாளாச்சி, இந்த ஒரு தரம் என்று வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

பாலம் தொடங்குகிற இடத்தில் நின்றார்கள். ரப்பர் எரிந்த மணம் தங்கைக்கு அடித்திருக்கிறது. பயத்தில் அவள்தான் முதுகில் தட்டி நிற்பாட்டச் சொன்னாளாம். ரயரின் நடுவில் சுற்றிவரக் கத்தியால் கீறின மாதிரிப் பள்ளம். உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சத் தூரம்தான் தாங்கியிருக்கும்.

என்னைக் கண்டதும் மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல காலம் மச்சான், எப்பிடி வந்தனீங்கள்?" என்றார். பிறகு ரயரைக் காட்டி, ரவுண் கடைக்காரன் ஏமாற்றிப் போட்டான், இப்பவே எடுத்து நல்லாய்க் குடுக்கிறேன் என்று தொலைபேசியில் இலக்கம் தேடத் தொடங்கினார். அந்தக் கடைக்காரன் கேட்டதைக் கொடுத்தவன். அவனில் ஒரு பிழையும் இல்லை.

நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். தேடி வந்து காப்பாற்றிய நல்ல அண்ணனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அவனுக்கு எடுக்காதையும். இது பொருந்தாது எண்டு எனக்கு முதலே தெரியும்."

அவர் விளங்காமல் பார்த்தார். "தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"எரிச்சல்" என்றேன். "உம்மிலை எனக்கு எரிச்சல்."

அவர் தொலைபேசியைப் பொக்கற்றுக்குள் போட்டார். தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப தேசிக்காயை ஏன் வைச்சனீங்கள்?"

புளிச்சாறு ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தேன்.

குறிகட்டுவான் பஸ் வந்தது. இருவரும் ஏறிப் போனார்கள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தப் பைக்குக்குக் காவலாக வெயிலில் இருந்தேன். போக மனம் வரவில்லை. பின்னேரம் திரும்பி வந்து இறங்கியதும் மச்சான் மட்டும் கிட்ட வந்தார். கோபமாகக் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"சரி, இப்ப உண்மையாச் சொல்லுங்கோ. என்ன அளவு, என்ன சாதி ரயர் எடுக்கிறது?"

சொன்னேன். நூற்று நாற்பது, எழுபது, பதினேழு, வெட்டு உள்ளது. அவர் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பதிந்தார். அடுத்த கிழமை அந்த ரயரை நான்தான் பூட்டினேன். என்னை நம்பி அவர் ரயரைத் தந்தார் என்பது இன்றும் எனக்கு நம்ப முடியாத விஷயம். தங்கை பொங்கல் வரை என்னோடு கதைக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. அந்தப் பைக் தெருவில் வந்தால் இப்போதும் நெஞ்சுக்குள் ஏதோ இழுக்கும். ஆனால் யார் வந்து அளவு கேட்டாலும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் றிம்மைப் பார்க்கப் பழகிவிட்டேன், ஏனென்றால் எனக்கு ஒருவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவருடைய சில்லுக்குப் பொருந்துகிற அளவு ஒன்றுதான்.

புரட்டாதி மாதம், முதலாம் சனிக்கிழமை.