தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ட்ரோன்

மருந்தடிக்கிற ட்ரோன் வாங்கி ஓட்டும் பொம்பளை எங்கள் பென்னாகரம் பக்கத்தில் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் ஒரு மாங்கிளையில் மோதி றெக்கை ஒன்று உடைந்தபோது ஊருக்கு மூச்சுவிடவில்லை. தெரிந்தால், "அப்பவே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஆளுக்காள் ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆறு றெக்கையில் மூன்று வலப்பக்கமாகச் சுற்றும், மூன்று இடப்பக்கமாகச் சுற்றும். ஒன்று மாறினாலும் மெஷின் குப்புற விழும். எனக்கு உடைந்தது இடம் சுற்றுவது. கம்பெனிக்குப் போன் போட்டால், "ஸ்டாக் இல்லைங்க மேடம், வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரணும், அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரம் கேட்டாலும் அடுத்த வாரம்தான். இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூரியர் வந்தது. ஆசையாகப் பிரித்தால், வலம் சுற்றுகிற றெக்கை! போனில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "மாத்தித் தர்றோம் மேடம், ஸ்டாக் வரட்டும்" என்றான் கம்பெனிக்காரன், கோபமே படாமல். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அது மா மொட்டு வைக்கும் சமயம். எங்கள் தெருக்கோடி அக்காவுக்கு வீட்டுக்காரர் தவறிப்போனபிறகு மாந்தோப்பு ஒன்றுதான் பிழைப்பு. போன வருஷம் தத்துப்பூச்சி பூவையெல்லாம் உறிஞ்சிக் கருக்கிவிட்டது. இந்த வருஷம் மொட்டு விரியும் முன்னால் மருந்தடித்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தரையில் நின்று குழாயால் மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேக்காரர்கள் வந்து கேட்டபோதும், "எங்க தெருப் பொண்ணு வருது" என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ட்ரோனைத் தார்ப்பாய் போட்டு மூடி, தினமும் காலையில் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். ஊர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம்.

"சாமி ஊர்வலங்கூட வருஷத்துக்கு ஒருதரந்தான். நம்முளுது தினமும் போவுது" என்பார் அவர்.

"வாய மூடிக்கிட்டு ஓட்டுங்க."

யாராவது கேட்டால், "பாலக்கோட்டுல வேலைங்க, மூச்சு வுட நேரமில்ல" என்பேன். அக்காவிடம் மட்டும், "வந்துடறேங்க்கா, வந்துடறேன்" என்பேன்.

ஒருநாள் அக்கா ஒரு மொட்டுக்கொத்தை ஒடித்துக் கொண்டுவந்து என் முன்னால் உதறினார். பூச்சி பொலபொலவென்று கொட்டியது. என் திமிர் என்னோடு, அவர் தோப்பு என்ன பாவம் செய்தது?

அரூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரும் ட்ரோன் ஓட்டுகிறார். எனக்கு வரவேண்டிய வேலையில் பாதியைத் தட்டிக்கொண்டு போனவர் என்று அவர்மேல் எனக்குத் தீராத கடுப்பு. ஆனது ஆகட்டும், தோப்பை அவரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஊர் பார்க்குமே என்று அன்றைக்கும் ட்ரோனை ஏற்றி மூடிக்கொண்டுதான் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் முகம் மாறியது. "அடடா, எம் மெஷினு தீர்த்தமலையில வேலையில இருக்குதும்மா. ஒரு வாரத்துக்கு ஒழிவே இல்ல."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? உர மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய். அதற்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் மெஷினும் அதே கம்பெனிதான், அந்தக் கால்களை எனக்குத் தெரியாதா? போய் ஒரே இழு. ஐந்து றெக்கையோடு உட்கார்ந்திருந்தது அவர் மெஷின்.

பாய் என் வண்டியில் மூடியிருந்ததைப் பார்த்தார். நானே போய் அதையும் இழுத்துவிட்டேன். அதிலும் ஐந்து. தலையில் கைவைத்துக்கொண்டு அவர் சிரித்தார் பாருங்கள், எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு ஒடஞ்சது வலம் சுத்தறதும்மா. இந்தச் சனியன அனுப்பி வெச்சிருக்கானுங்க" என்று மேசைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். இடம் சுற்றுகிற றெக்கை! நான் வண்டிக்கு ஓடிப்போய், திருப்பி அனுப்பவென்று அதிலேயே கிடந்த என் கூரியர் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். கப்பலாவது கிப்பலாவது! கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் இரண்டு மெஷினும் ஒன்றாக எழும்பின. என் வீட்டுக்காரர் விசில் அடித்தார்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் தோப்பில் இறங்கினோம். மெஷின் மரத்துக்கு மேலே ஏறியது. மருந்து பனி மாதிரி மொட்டுகள்மேல் இறங்கியது. காற்று கிளம்புவதற்குள் கடைசி மரமும் முடிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும் விட்டேன்.

அக்கா மெஷின் பக்கத்தில் வந்து மோந்துபார்த்தார். "இன்னிக்குத்தான் மருந்து நாத்தம் அடிக்குது."

எனக்குத் திக்கென்றது. "அப்போ, இத்தன நாளும்..."

"தார்ப்பாயி காலையில போன மாதிரியே பளபளன்னு, மருந்து நாத்தமே இல்லாம திரும்பி வருது. எனக்குக் கண்ணும் மூக்கும் இல்லையா?"

"தெரிஞ்சும் ஏங்க்கா பவர் ஸ்ப்ரேக்காரனக் கூப்புடல?"

"நீ வர்றன்னு சொன்னியே" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

மெஷினை வண்டியில் ஏற்றினோம். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தார்ப்பாயைக் கையில் எடுத்தார்.

"மடிச்சி வையிங்க" என்றேன்.

மருந்து நாற்றம் அடிக்க அடிக்க, நடுத்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனோம்.