தெருப்பக்கத்து ஜன்னல்

ஓவியக்காரியின் மாடி அறைக்கு வந்தால், மேலங்கியைக் கழற்றுவதற்கு முன் அக்கா ஜன்னல்களின் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள். ஓவியக்காரி அவள் கண் முன்னால் போட்ட தாழ்ப்பாள்தான். இருந்தாலும் இழுத்துப் பார்ப்பாள். பிறகு அறையில் இருக்கும் செல்போன்களை, தன்னுடையதையும் சேர்த்து, ஒரு காலிப் பெயின்ட் வாளியில் போட்டு மூடி, தான் உட்காரும் மேடைக்கு அடியில் தள்ளிக்கொள்வாள். "இந்த மூடியத் தொறந்தா ஊருக்கே கேக்கும். திருட்டுத்தனம் நடக்காது" என்பாள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சிஐடி அக்கா'. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். வைத்தவன் யார் என்பதும் தெரியும்.

ஓவியர்களுக்கு முன்னால் உடையின்றி அசையாமல் உட்காருவது அவள் தொழில். மூக்கில் ஈ உட்கார்ந்தால், அது தானாகப் பறக்கட்டும் என்று விட்டுவிடுவாள். இடது மார்பில் கட்டி வந்து, மார்பை எடுத்து, சிகிச்சையெல்லாம் முடிந்து மறுபடி மேடை ஏறியபோது, தன் உடம்பு மாறியதைவிட ஓவியர்கள் மாறியதுதான் அவளை உறுத்தியது. "திரும்பி உக்காருக்கா, தூங்கிட்டியா?" என்று கத்தியவர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருவர் தழும்பின் மேல் கொடியும் பூவும் வரைந்தார். இன்னொருவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமே போட்டுவிட்டார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். நானா பூக் கேட்டேன்? தையல் இருக்கிற எடத்துல தையல வரை. அன்னிக்கு நான் மத்தியானத்துக்கு என்ன ஆக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். எழவு வீட்ல உக்காந்தவ மாதிரி மூஞ்சியப் போட்டு வெச்சிருக்கான்."

இரங்குகிறவர் தன் இரக்கத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார் என்பது அவள் கட்சி. முழுக்கத் தவறு என்று சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். முடிந்த படத்தை முதலில் அவள் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். அப்படித் திருப்பிய படம் வெளியே போகக் கூடாது.

கணவர் பேருந்து ஓட்டுநர். அவர்மீதும் சந்தேகம்தான். நோய்க்குப் பின் அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டார்.

"வலிக்குமோன்னு பயமாம். வலி எப்பவோ போயிடுச்சு. பயமா, அருவருப்பான்னு யாரு கண்டா?"

அவர் வண்டி இந்த மாடி அறைக்குக் கீழேதான் போகும். முனை திரும்பும்போது சின்னதாக ஒரு ஹாரன் கேட்கும். "உங்களுக்காகத்தான் அடிக்கிறாரு" என்று ஓவியக்காரி ஒருநாள் சொன்னதற்கு அவள் உதட்டைப் பிதுக்கினாள். "முனைன்னா எல்லா டிரைவரும்தான் அடிப்பாங்க. நீ வேற!"

பெண்ணுடம்பு, ஆசை, நோய், குணமாவது ஆகியவற்றைப் பற்றி ஓவியக்காரி ஒரு கண்காட்சி வைக்கவிருந்தாள். அக்காவை உட்கார வைத்து வரைந்துகொண்டிருந்த படம்தான் அதன் நடுநாயகம். அது முடிந்த அன்று அக்கா மேலங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேன்வாஸின் முன் வந்து நின்றாள். தழும்பு தழும்பாகவே இருந்தது. பூ இல்லை. ஆனால் கால்விரல்கள் மடங்கியிருந்தன. கழுத்து எதையோ எதிர்பார்த்து நிமிர்ந்திருந்தது. யாரோ தொடப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்ட முகம்.

"யாரு இவ?"

"நீங்கதான்க்கா."

"பொய் சொல்லாதம்மா. அசையாம உக்கார்றது என் பொழப்பு. வெக்கங்கெட்டவ மாதிரி இதெல்லாம் நீயா போட்டுக்கிட்டது."

"ஹாரன் கேக்கும்போது தினமும் இப்படித்தான் ஆகுது."

அவள் படத்தைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறர் துறவியாக்கியபோது சண்டை போட்டவளுக்கு, பெண்ணாக வரைந்தபோதும் நம்பிக்கை வரவில்லை.

ஓவியக்காரியின் முகம் வாடிவிட்டது. "இன்னிக்கு வண்டி இன்னும் போகல. நீங்களே உக்காந்து பாருங்க. இல்லைன்னா அது அங்கயே இருக்கட்டும். நான் எடுக்கல."

அவள் உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் காலையே பார்த்தாள். அசையக் கூடாது என்று முடிவே கட்டியிருந்தாள். ஈயிடம் ஜெயித்தவள்.

ஹாரன் கேட்டது. முதலில் பெருவிரல் மடங்கியது, பிறகு மற்றவை. காது மடல் சுட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனை பரிசோதனைகள் செய்தார்கள். இது பிழைத்திருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"ம்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. சற்று நேரத்தில் அடுத்த பேருந்து வந்தது. முனையில் வேகம் குறைத்தது, திரும்பியது, போய்விட்டது. ஹாரன் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் அடிக்கவில்லை.

"படத்தத் திருப்பட்டுமாக்கா?"

"திருப்பு. பெருவிரல ரொம்ப நீளமா போட்டுட்டே, அத மட்டும் பாத்துக்க."

மறுநாள் வந்தவள் வழக்கம்போல் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். செல்போன்களை வாளியில் போட்டு மூடியை அழுத்தினாள். தெருப்பக்கத்து ஜன்னலுக்கு வந்ததும், தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினாள்.