கொசுவலைக்குள் கொய்யா மரம்

பழம் குத்தும் அந்துப்பூச்சிகளைக் கொய்யா மரத்தோடு சேர்த்துக் கொசுவலைக்குள் கட்டிவைத்த ஆள், எனக்குத் தெரிந்து புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். இத்தனைக்கும் அந்தப் பூச்சியைப் பற்றி விழுந்து விழுந்து படித்தவன். புத்தகத்துப் படத்தில் அது இறக்கையை விரித்திருந்தது, மரத்தில் மூடியிருந்தது. படித்தவனைக் கவிழ்க்க அது போதும்.

தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீரில் ஒரு தட்டு முழுக்க எங்கள் வீட்டுக் கொய்யாதான் என்று, உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொல்லியிருந்தாள் என் மனைவி. அந்த வாரம் பார்த்து இரண்டு மூன்று பழங்களில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை, சுற்றிலும் அழுகல். அணில் வேலை என்று தீர்ப்புச் சொன்னேன்.

மரம் என் தலை உயரம்தான். ஒருநாள் மத்தியானம் கட்டில் கொசுவலையை எடுத்து அதன்மேல் போர்த்தி, அடியில் சணல் கயிற்றால் இறுக்கினேன்.

"உள்ள சருகா ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. உதுத்துட்டுக் கட்டுங்க" என்றாள் மனைவி.

"சருகு பழத்தைத் திங்குமாக்கும்? நீ போய்த் தட்டை வெளக்கி வையி."

"நீங்க சொன்னாச் சரிதான்."

அந்தக் குரலுக்காவது நான் பயந்திருக்க வேண்டும். பகலில் சருகுபோல் உறங்கி, இரவில் எழுந்து பழத்தைக் குத்தி உறிஞ்சும் பூச்சிகளுக்கு, வௌவால் அண்டாதபடி காவலும் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நிச்சயத்தன்று காலை வலையை அவிழ்த்து, கைக்கு எட்டிய சருகைக் கிள்ளினேன். சருகு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பளீரென்று ஆரஞ்சு நிறம், நடுவில் கரும்பொட்டு. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த சருகு பறந்தது. அதற்கடுத்ததும். உருப்படியாக ஒரு பழம் மிஞ்சவில்லை.

"அணில் பறக்குதுங்க" என்றாள் மனைவி. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய கொய்யாவை அவள் தட்டில் அடுக்கியபோது, நான் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் தங்கையை ஓரமாக அழைத்து, நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவள், அண்ணி எங்கே நிற்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்:

"நல்லதாப் போச்சுண்ணே. ஒங்க வீட்டுப் பழத்துல கொட்டை எம்புட்டு! சம்பந்திக்குப் பல்லு செட்டு வேற."