முன்சீட்டில் வந்த தூக்கம்

எங்கள் அப்பாவுக்கு வண்டி பார்ப்பது பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியமாக இருந்தது. ஆறு நாள் சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் லாரிப் பட்டறைக்குப் போய்வர வேண்டும். ஏழாம் நாள் அம்மா, கைக்குழந்தைத் தம்பி, ஆறு வயது நான் என்று மொத்தக் குடும்பமும் அதிலேயே ஏற வேண்டும். மைலேஜ் கொடுத்த வண்டிக்குச் சீட்டு குட்டை. சீட்டு நீண்ட வண்டி பெட்ரோலைக் குடித்தது. கடைசியில், பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் இருந்த மாமா ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லியனுப்பினார். வெற்றிலைத் தோட்டத்து வீடு. முன்பு மூன்று பேர் கேட்டும் அந்த வீட்டு அம்மாள் கொடுக்கவில்லையாம். சின்னப் பெண்பிள்ளை இருக்கிற குடும்பம் என்று மாமா சொன்ன பிறகுதான் சரி என்றாளாம்.

குளிப்பாட்டி நிறுத்தியதுபோல் நின்றது வண்டி. நீளமான சீட்டு, அம்மா கால் வைக்க அகலமான பலகை, பெட்ரோல் டேங்கின்மேல் சிவப்பு ரெக்ஸினில் ஒரு குட்டி சீட்டு. கண்ணாடியில் அன்று பறித்த கனகாம்பரம் சுற்றியிருந்தது. அந்த அம்மாள் என்னைத் தூக்கிக் குட்டி சீட்டில் உட்காரவைத்து, என் கால்களை எடுத்துக் கம்பிமேல் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"வாய்க்கால் பாலம் தாண்டுனா தூங்கிப்போயிருவாளுங்க. இடுப்புல ஒரு துண்டக் கட்டி உட்ருங்க" என்றாள் அம்மாவிடம்.

"ஆருங்கக்கா தூங்கிருவா?"

அவள் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தாள். கிணற்றடியில் அவள் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா பேச்சுக் கொடுத்தும் திரும்பவில்லை. அவள் ஒரு தட்டுச் சோற்றைக் கொண்டுபோய், ஒரு வார்த்தை இல்லாமல், நாய்க்கு வைப்பதுபோல் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "எதுக்கும் சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டு வாங்கலாமுங்க" என்றாள். எங்கள் குலசாமி முன்னால் வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் பொதிந்து போடுவார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தை கள்ளம் அறியாது என்பது நம்பிக்கை. எனக்கோ அந்தக் குட்டி சீட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் வெள்ளை இதழ் நகக்கண் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொன்னார்கள். முக்கால்வாசி மூடினேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அப்பா தனியாக வேலைக்குப் போகும்போது பசுவைப்போல் சாதுவாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டுக்குப் போவோம். நான் பஸ்ஸில்கூடத் தூங்காத பிள்ளை. ஆனால் அந்தப் பாலம் தாண்டியதும் பிடரியில் யாரோ மெதுவாக ஊதுவதுபோல் இருக்கும், கண் செருகிவிடும். கரும்புக்காடு முடிந்ததும் விழித்துக்கொள்வேன். நல்ல வெயிலில், மூன்று ஞாயிறும் அதே இடம். எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் சீட்டு போய்விடும் என்று சொல்லவில்லை. அம்மா பேசாமல் துண்டால் கட்டினாள்.

நான்காம் ஞாயிறு கிளம்புகிற அவசரத்தில் துண்டை மறந்துவிட்டோம். நான் விழித்தபோது அப்பாவின் இடது கை என் சடையைப் பிடித்திருந்தது. என் கால் பெருவிரல் தார் ரோட்டில் தேய்ந்திருந்தது. வண்டி கரும்புக்குள் தலையை விட்டு நின்றது. வேறு யாருக்கும் அடியில்லை.

அங்கிருந்தே வண்டியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். "இத நீங்களே வெச்சுக்கங்க" என்று அப்பா ஸ்டாண்டு போட்டார். அந்த அம்மாள் வண்டியைப் பார்க்கவே இல்லை. என் முன்னால் குந்தி, பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெய்யாலுமே தூங்கிட்டாளுங்களா?"

"ஆமாங்க. கம்பியப் புடிச்சபடியே தூங்கிட்டா. ஏதோ சடை கைக்குச் சிக்குச்சு" என்றார் அப்பா.

"பின்னாடியே உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரியலீங்க."

"அன்னிக்கு எங்கூட்டுக்காரரும் இதேதானுங்க சொன்னாரு, நாந்தான் நம்புல" என்றாள். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, உள்ள வந்து சாப்புடுங்க."

அப்போதுதான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய்விட்டு அழுதார்.

பஸ்ஸில் வழிநெடுக அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா என் சடையை விடவே இல்லை. அந்தக் குட்டி சீட்டில் எனக்கு முன்னால் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எல்லோர்மேலும் கோபம்தான் வந்தது. சோறு தின்னக் கூப்பிட்டதற்கு ஒரு பெரிய ஆள் அப்படி அழுவாரா, அதற்காக என் சீட்டை விட்டுவிட்டு வர வேண்டுமா என்று.