முதல்ல திருத்துவம், பிறகு சொல்லுவம்

கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்து, வெளிநாட்டு நிறுவனங்களோடு எப்படி நல்லுறவு வைத்திருப்பது என்று எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் படிப்பித்தார். யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் ஏசிக் குளிரில் விறைத்துப்போய் இருந்தோம். திரையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. பலகையில் ‘நம்பிக்கை’ என்று பச்சை மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். எங்கள் முதலாளி முன்வரிசைக் கதிரையில் இருந்து அதை அப்படியே கொப்பியில் எழுதினார். கண்டறியாத நம்பிக்கை! அன்றைக்கு எங்கள் கந்தோரின் பொய்க்கு ஐந்து நாள் வயது.

கந்தோர், அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வேலணையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, முதலாளியை விட்டால் ஆறு பேர். நோர்வேயில் ஒரு நிறுவனம் மிருக வைத்தியர்களுக்கு ஒரு மென்பொருள் நடத்தியது. அதைப் பராமரிப்பதுதான் எங்கள் முழுப் பிழைப்பும். அங்கே பூனைக்கு எப்போது ஊசி போட வேண்டும் என்று சொந்தக்காரருக்கு ஞாபகப்படுத்தும் செய்தி போகுமே, அது நாங்கள். சிரிக்காதீர்கள். அந்தப் பூனைகளின் புண்ணியத்தில்தான் நான் நயினாதீவில் இருந்தேன். காலையில் படகு, குறிகாட்டுவான் இறங்குதுறையில் பஸ், பின்னேரம் அதே வழியால் வீடு. இந்த வேலை போனால் கொழும்புதான். இடுப்பு முறிந்து தடியோடு நடக்கும் அம்மாவை, விடியமுன் பூசைக்கு ஓடும் ஐயரான என் அப்பாவிடம் விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஓர் அறையில் கிடக்க வேண்டும்.

பிழை விட்டது நான்தான். நான் செய்த ஒரு மாற்றத்தால், இரண்டு மூன்று மிருகங்கள் வளர்ப்பவர்களுக்கு ஞாபகச் செய்தி போகாமல் நின்றுவிட்டது. கண்டுபிடித்ததும் முதலாளியிடம் ஓடினேன். அவர் முதல் வேலையாக அறைக் கதவைச் சாத்தினார்.

“நீர் நோர்வேக்கு ஒண்டும் எழுதாதையும். முதல்ல திருத்துவம், பிறகு சொல்லுவம்.”

“ஊசி தவறிப்போகுமெல்லே, சேர்?”

“தூரத்தில இருக்கிற ஆக்கள். இப்ப சொல்லி அவையை ஏன் கலக்குவான்?”

எனக்கு அந்தக் கதை புதிதில்லை. எங்கள் வீட்டிலேயே பழகியதுதான். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது கனடாவில் இருக்கும் அண்ணைக்கு நாங்கள் மூச்சும் விடவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து, அம்மா எழும்பி நடந்த பிறகுதான் சொன்னோம். அதுவரைக்கும் அவர் போன் எடுக்கும்போதெல்லாம், “அம்மா கோயிலுக்குப் போட்டா அண்ணை” என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றுகொண்டு சொன்னவள் நான். இப்போது அண்ணை வாரத்தில் மூன்று தரம் வீடியோவில் எடுத்து, அம்மாவை எழும்பி நடந்து காட்டச் சொல்கிறார். நான் “அம்மா சுகம்” என்று சொன்னால் நம்பமாட்டார்.

தீவில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே திருக்கூத்துத்தான். செத்தவீட்டையே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் அன்பாம், இரக்கமாம். மண்ணாங்கட்டி! கெட்ட செய்தியை வாயால் சொல்லத் துணிவில்லாத பயந்தாங்கொள்ளிகள் நாங்கள். அதற்கு ஓர் அன்புச் சட்டையைப் போட்டு வைத்திருக்கிறோம்.

அந்த நிறுவனத்து நோர்வேக்காரி ஒருத்தி ஒவ்வொரு நாளும் எங்கள் ஒன்றரை மணிக்கு என்னோடு கதைப்பாள். அவளுக்கு அது காலை ஒன்பது. எடுத்தவுடனே, “நேற்று நான் ஒரு பிழை விட்டுவிட்டேன்” என்று தன் பக்கத்துக் கோளாறைத்தான் முதலில் சொல்வாள். போனை வைத்த பிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “விசரி, ஆரும் கேக்க முதல் தானே போய்த் தலையைக் குடுக்கிறாள்” என்பார் முதலாளி. பிறகு அவள், “அங்கே எல்லாம் சரியா?” என்று கேட்பாள். எல்லாம் சரி என்பேன் நான். நம்பிக்கை பற்றிப் படித்த அன்றைக்கும் ஹோட்டல் படிக்கட்டில் நின்று அதையேதான் சொன்னேன். எனக்கு வெட்கமே இல்லை.

ஒன்பதாம் நாள் அவளே கேட்டாள். மூன்று நாய் வளர்க்கும் ஒரு கிழவருக்குச் செய்தி வரவில்லையாம், வைத்தியர் போன் எடுத்து ஏசினாராம். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, “தெரியும், திருத்தி முடியப்போகிறது” என்றேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். சொன்னேன்.

“பிழை எல்லோருக்கும் வரும். ஆனால் இந்த ஒன்பது நாளும் நீங்கள் என்னோடு கதைத்தீர்கள்” என்றாள்.

அதற்கு முதலாளி கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஓலைப் பெட்டியில் பனங்கட்டி வைத்து, ஒரு வாழ்த்து அட்டையோடு நோர்வேக்கு அனுப்பினார். உறவு வளர்க்கிறாராம்.

அதற்குப் பிறகும் அவள் நாள் தவறாமல் எடுத்தாள். தன் பிழைகளைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். பொங்கல் வந்தது. முதலாளி ஆறு பேருக்கும் இனிப்புப் பெட்டி தந்தார், வழக்கமில்லாமல் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார். சேருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

பொங்கலுக்கு அடுத்த கிழமை, கதைத்து முடிக்கும்போது நோர்வேக்காரி கேட்டாள்: “உங்களுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதா?”

எனக்கு விளங்கவில்லை.

“இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம் என்று போன மாதமே உங்கள் முதலாளிக்கு எழுதினேனே. சொல்லவில்லையா?”

நேரே அவர் அறைக்குள் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்.

“பிள்ளையள் சந்தோசமாப் பொங்கட்டும் எண்டு பாத்தனான். முதல்ல வேற கொம்பனி ஒண்டைப் பிடிச்சுப்போட்டு, பிறகு சொல்லுவம் எண்டு…”

அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் நாங்கள் வேறு இடம் தேடியிருக்கலாம். நான் அம்மாவுக்கு ஓர் ஒழுங்கு செய்திருக்கலாம். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். வைகாசியில் கலியாணம் வைத்திருக்கும் சரவணை ஊர்ப் பெட்டை, சோற்றில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னக்கா, சேரோட கொழுவலோ?”

ஐந்து முகமும் என்னையே பார்த்தன. நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்டுமில்லை. நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு சொல்லுறன்” என்றேன்.