அந்தப் பெட்டி ஒரு தடவைதான் கேட்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதியில் மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசூரில் எங்கள் மாடியில் குடியிருந்த திருநெல்வேலிப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். புருஷன் கம்பெனி பஸ் ஏறியதும் அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். எழுதுவதற்கென்று இருக்கும் ஒரு செயலிக்குத் தமிழில் விளக்கம் எழுதுவது அவள் வேலை. மூடவா, அழிக்கவா என்று அது நம்மைக் கேட்கிற இடத்தில் என்ன வாசகம் வர வேண்டும், எதை அமுக்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. புதிதாகத் தொடுகிறவர் ஒருவர் தட்டிப் பார்த்தால் நல்லது என்று ஒருநாள் என்னை உட்கார வைத்தாள். கூச்சமாக இருந்தது. என்னத்தை எழுத என்றேன். "மனசுல உள்ளத எழுதுங்க ஆச்சி."

என் தங்கையை எழுதினேன். பாரூரில் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் முகம் தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். ஒற்றை விரலால் தட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் மத்தியானமே போயிற்று. மூடப் போனபோது, 'சேமிக்கவா?' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'வேண்டாம்' என்பதை அமுக்கினேன். அவ்வளவுதான், பக்கம் காணோம்.

மாடிப் பெண் பதறிப் போனாள். "ஏன் ஆச்சி வேண்டாம்னு குடுத்தீங்க?"

"உன் கம்ப்யூட்டருல நான் எதுக்கு எடத்த அடைக்கணும் கண்ணு? யார் எது குடுத்தாலும் மொதல்ல வேணாங்கறதுதான எங்க வழக்கம்."

"பந்தியில வேண்டாம்னா ரெண்டாந்தடவ கேப்பாங்க ஆச்சி. இது ஒரு தடவதான் கேக்கும்."

"அப்ப மரியாத தெரியாத பெட்டின்னு சொல்லு!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, பெங்களூரிலிருந்த மேலதிகாரிக்குப் போன் போட்டாள். 'நீங்கள் எழுதியதை வைத்துக்கொள்ளவா? வேண்டாம் என்றால் எல்லாம் போய்விடும், திரும்ப வராது' என்று மாற்ற வேண்டும் என்றாள். இவ்வளவு நீளமாக யார் படிப்பார்கள் என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "எங்க ஆச்சி படிப்பாங்க சார்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நாளில் பெட்டியில் அந்த வாசகமே வந்தது. விளக்கத்திலும் அப்படியே எழுதினாள். இப்போது அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் போன வாரம் மகனுடைய கம்ப்யூட்டரில் அதே செயலியில் தங்கையை மறுபடி எழுதினேன். முதலில் எழுதியபோது ஞாபகம் வராத ஒன்று இந்தத் தடவை வந்தது: சிரிக்கும்போது அவள் வாயைப் பொத்தாமல் கண்ணைப் பொத்திக்கொள்வாள். பெட்டி கேட்டது. முழுசாகப் படித்தேன். 'வைத்துக்கொள்' என்பதை அமுக்கினேன்.

பாரூர் ஏரி மதகுப் பக்கம் நாங்கள் விளையாடிய மரம் புங்கன் என்று அதில் எழுதியிருக்கிறேன். மருதமாகவும் இருக்கலாம். அந்த ஊர்க்காரர் யாராவது பார்த்துச் சொன்னால் திருத்திவிடுவேன்.